புயலுக்கு முன்னால் ஒரு ஊசி

வீட்டில் "என்னங்க" என்று கூப்பிடுகிற மனுஷரை, டயாலிசிஸ் வார்டுக்குள் கால் வைத்ததும் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவாள் பெரிய சிஸ்டர். அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். "குட் மார்னிங் சிஸ்டர், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு கேட்பார். பக்கத்துக் கட்டில்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டு பேரும் காலையில் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர்கள் என்பது வார்டில் யாருக்குத்தான் தெரியாது?

மாஸ்டர் என்றால் டிரைவிங் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு பயிற்சிப் பள்ளியைக் கூடப்பிறந்த தம்பியிடம் ஒப்படைத்துவிட்டார், ஆனால் பழக்கம் விடவில்லை. யார் வண்டி ஓட்டினாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். சிஸ்டர் ஸ்கூட்டர் ஓட்டும்போது பின்னால் இருந்தபடியே மிதிப்பார்.

வாரத்தில் மூன்று நாள் அவர் ரத்தம் முழுவதும் வெளியே வந்து, மெஷினில் சுத்தமாகி, திரும்ப உள்ளே போக வேண்டும். அதற்காக இடது முன்கையில் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை ஒன்றோடொன்று இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால், மடியில் படுத்த பூனை கொறுகொறுப்பது போல ஓர் அதிர்வு தெரியும். தூக்கம் வராத நேரங்களில் சிஸ்டரின் விரல் தானாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பூனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவளுக்குத் தூக்கம்.

ஊசி போடுவதில் அவள் கில்லாடி. முறுக்கிக்கொண்ட நரம்பு, ஆழத்தில் ஒளிந்த நரம்பு, யாருக்கும் பிடிபடாத நரம்பு எதுவானாலும் "பெரிய சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்பார்கள். கணவர் ஒருவருக்குத்தான் அவள் போடுவதில்லை. அவர் வார்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒருமுறை போட்டாள். ஊசி நழுவி உள்ளே ரத்தம் கசிந்து, கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிப்போனது. அவள் ஸ்டோர் ரூமில் போய் அழுதுவிட்டு வந்து, "இனிமே இவருக்கு நீதான் தம்பி" என்று டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாஸ்டரின் கை டெக்னீஷியன் தம்பியின் பொறுப்பு.

போன வருஷப் புயல் வரை வார்டு கீழ்த்தளத்தில்தான் இருந்தது. ஆறு ஊருக்குள் வந்தபோது முதலில் நனைந்தது அதுதான். மெஷின்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. சாலை திறந்த பிறகு நோயாளிகளை அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதற்குள் ஜன்னலோரக் கட்டில் பேக்கரிக்காரர் இறந்துபோய்விட்டார். புயல் அவரைத் தொடவேயில்லை. வீடு நன்றாகத்தான் இருந்தது, ஓர் ஓடுகூடப் பறக்கவில்லை. மழை நின்று வெயிலும் அடித்தது. உடம்பில் சேர்ந்த நீர் நெஞ்சை அடைக்க, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி, சாலை எப்போது திறக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அவர் மனைவிதான் வந்து சிஸ்டரிடம் சொன்னாள்.

தண்ணீர் வடிந்து மெஷின்கள் பழுது பார்க்கப்பட்டதும் அவள் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். ஆஸ்பத்திரியின் தலைமை அவர்தான். பொறுமைசாலி, ஆனால் எதற்கும் முதலில் "முடியாது" என்று சொல்லிப் பார்ப்பவர்.

"வார்டை மாடிக்கு மாத்தணும்னா தண்ணி லைன், கரண்ட் லைன், வடிகால் எல்லாத்தையும் புடுங்கி மறுபடி நடணும் சிஸ்டர். லேசுப்பட்ட வேலையா?"

"அடுத்த மழை வந்தா அதுவே புடுங்கிடும் டாக்டர். அப்ப நமக்கு நடுற வேலை மட்டும்தான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்க அவர் செய்கிற வேலை அது. "சரி, சொல்லுங்க" என்றார்.

சொன்னாள். வார்டு முதல் மாடிக்குப் போக வேண்டும். ஜெனரேட்டர் ஆள் உயர மேடை மேல் ஏற வேண்டும். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் இயந்திரமும் பெரிய தொட்டியும் மேலேயே வேண்டும், ஏனென்றால் டயாலிசிஸுக்கு மின்சாரத்துக்கு அடுத்தபடி தண்ணீர்தான் உயிர். எல்லாவற்றையும் விட முக்கியமானது, புயல் எச்சரிக்கை வந்த உடனே, அவரவர் முறைக்குக் காத்திருக்காமல், அத்தனை நோயாளிகளையும் கூப்பிட்டுக் கொஞ்ச நேரமாவது சுத்திகரித்து அனுப்பிவிட வேண்டும். வழக்கமான நேரத்தில் பாதி போதும். அது சில நாள் தாங்கும். சாலை திறக்கிற வரை தாங்கினால் போதுமே.

ஆஸ்பத்திரி வேலை எப்போது அவசரமாக நடந்திருக்கிறது? இழுத்தடித்து, கெஞ்சி, சண்டை போட்டு, அடுத்த மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வார்டு மாடி ஏறியது. உடனே ஒத்திகை ஒன்று வைத்தார்கள். அது ஒரே கூத்து.

"அக்கா, நாளைக்குப் புயல் வர்றதா நினைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தையல்கார அக்காவுக்குப் போன் செய்தார்கள்.

"நான் எதுக்கு நினைக்கணும்? வந்தா வரட்டும்" என்று வைத்துவிட்டாள் அக்கா.

பாதிப் பேர் போனையே எடுக்கவில்லை, தெரியாத நம்பர் என்றால் விளம்பரக்காரர்கள் என்று நினைத்தார்களாம். ஒருவர் ஒத்திகை என்கிற சொல் காதில் விழாமல், மனைவி மக்களோடு டி.வி.யையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். புயல் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! டி.வி.யைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி ஆம்புலன்ஸ் கேட்டார்.

"குரல் தெரிஞ்சவங்க கூப்பிட்டாத்தான் எடுப்பாங்க. குடுங்க, நான் பேசுறேன்" என்று அன்றைக்குப் போனைக் கையில் வாங்கியவர்தான் மாஸ்டர். அதோடு ஆளுக்கொரு பக்கத்து வீட்டு நம்பரும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த மழைக்காலத்திலேயே நிஜப் புயல் வந்துவிட்டது.

எச்சரிக்கை வந்த காலையில் மாஸ்டர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "ஒத்திகையா மாஸ்டர்?" என்று கேட்டவர்களிடம், "இல்லய்யா, இந்தத் தடவை அசல். டி.வி. வேணாம், மருந்துப் பையை மட்டும் எடுத்துக்கிட்டு வா" என்றார். சிஸ்டர் பையில் மாற்றுத் துணி அடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, உங்களை லிஸ்ட்ல கடைசியில போட்டிருக்கேன்."

"தெரியும்."

"கோவமா?"

"பஸ்ஸு நின்னா டிரைவர் கடைசியாத்தானே இறங்கணும்?" என்றார். பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நானா இருந்தாலும் அப்படித்தாம்மா போட்டிருப்பேன். கிளம்பு, லேட்டாகுது" என்றார்.

அன்று பகல் முழுவதும், மறுநாள் காலையும் மெஷின்கள் ஓய்வில்லாமல் ஓடின. ஒருவர் இறங்கியதும் அடுத்தவர். பொது வார்டிலிருந்து இரண்டு இளம் நர்ஸ்களைக் கொடுத்திருந்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்க, மெஷினைக் கழுவ, வீட்டுக்குப் போகிறவர்களிடம் "தண்ணி அளவாக் குடிங்க, வாழைப்பழம் பக்கமே போகாதீங்க" என்று பத்துத் தடவை சொல்ல அவர்கள் உதவினார்கள். ஆபரேஷன் செய்த இந்தக் கைகளில் ஊசி போட அவர்களுக்குத் தெரியாது. அதற்குச் சிஸ்டரும் டெக்னீஷியன் தம்பியும் மட்டும்தான். வீடு தாழ்வான இடத்தில் இருப்பவர்களை அனுப்பவில்லை, பக்கத்து ஹாலில் பாய் விரித்துத் தங்கவைத்தார்கள்.

மறுநாள் மதியம் பார்த்தால் இரண்டு பேர்தான் பாக்கி. மாஸ்டர், தையல்கார அக்கா. அக்கா போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு நம்பரில் கூப்பிட்டால், "தையல் மெஷின் சத்தம் கேக்குது, உள்ளதான் இருக்கு. வரமாட்டேங்குது" என்று பதில் வந்தது.

"நான் போய்க் கூட்டிட்டு வந்துடுறேன் சிஸ்டர். நான் சொன்னா கேப்பாங்க" என்று தம்பி ஆம்புலன்ஸில் ஏறினான். "இங்க மெஷின் காலியாகுறதுக்குள்ள வந்துடுவேன், வந்ததும் மாஸ்டருக்குப் போட்டுடலாம். போயிட்டு வர அரைமணி நேரம்தான்."

அவன் போன கொஞ்ச நேரத்தில் காற்று திசை மாறியது. சாயங்காலம் கரையைக் கடக்கும் என்ற புயல் வேகம் பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. பெரிய டாக்டர் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தார். "ஊருக்கே கரண்ட்டை நிறுத்தப்போறாங்க சிஸ்டர். ஜெனரேட்டர் இருக்கு, ஆனா எத்தனை நாள் டீசலை வெச்சு ஓட்டணுமோ தெரியல. முடியறதை இப்பவே ஆரம்பிச்சிடுங்க."

அப்போதுதான் தம்பியின் போன் வந்தது.

"சிஸ்டர், அக்காவைப் பிடிச்சிட்டேன். ஆனா பாலத்துக்கு இந்தப் பக்கம் மரம் விழுந்து கிடக்கு. வெட்டிக்கிட்டு இருக்காங்க."

"எப்ப வருவே?"

"தெரியல சிஸ்டர்." காற்றில் அவன் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது. "எனக்காகக் காத்திருக்காதீங்க. மாஸ்டருக்கு நீங்களே போட்டுடுங்க."

அவள் போனை வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் தூக்கினார். "நான் இதைப் போட்டு எத்தனையோ வருஷமாச்சு. என்கிட்ட அவர் கையைக் குடுக்காதீங்க."

மாஸ்டர் ஏற்கெனவே கட்டிலில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, இடது கையை நீட்டிப் படுத்திருந்தார்.

அவள் கையைக் கழுவினாள். தேவைக்கு மேலேயே கழுவினாள். தட்டை எடுத்துவைத்தாள், பட்டையைக் கட்டினாள், மருந்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். விரலை வைத்தாள். கொறுகொறுப்பு இருந்தது. தினமும் தொடுகிற இடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். ஆனால் கையில் ஊசி வந்ததும் அது யாரோ முன்பின் தெரியாதவரின் கை மாதிரி ஆகிவிட்டது.

மாஸ்டர் கூரையைப் பார்த்தபடி, "முதல்ல சீட்டை முன்னால இழுத்துக்க. கண்ணாடியைச் சரி பண்ணிக்க" என்றார்.

"சும்மா இருங்க."

"பேஷண்ட்டுகிட்ட மரியாதையா பேசுங்க சிஸ்டர்."

ஹாலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. ஊசியைச் செருகினாள்.

ரத்தம் வரவில்லை. குழாயின் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மெல்லத் திருப்பிப் பார்த்தாள். மாஸ்டர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் போர்வைக்கு அடியில் அவருடைய வலது கால் கட்டிலை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது.

"என்னங்க, வலிக்குதா?"

வார்டுக்குள் அந்த "என்னங்க" முதல்முதலாகக் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். ஜன்னல் கதவு மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது.

"வலிக்குதும்மா" என்றார் மாஸ்டர். அவளிடம் அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அதனால என்ன? எடுத்துட்டு வேற இடத்துல போடு. எத்தனை பேரு என் காரைச் செவுத்துல கொண்டுபோய் முட்டியிருக்காங்க, நான் யாரையாவது இறங்கிப் போன்னு சொல்லியிருக்கேனா?"

அவள் ஊசியை எடுத்தாள். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டார். அவள் கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மேலே தள்ளி, விரலால் தடவித் தடவி ஓர் இடத்தைப் பிடித்தாள். மூச்சை வெளியே விட்டாள். ஊசி வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. குழாயில் சிவப்பு குபுக்கென்று ஏறி வந்தது.

சுத்தமான ரத்தம் திரும்ப உள்ளே போவதற்கான இரண்டாவது ஊசி ஒன்றுமேயில்லை. பிளாஸ்திரி ஒட்டினாள். ஒட்டியதற்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. "போதும்மா, பார்சல் கட்டுற மாதிரி கட்டுறியே" என்றார் மாஸ்டர். மெஷின் சுற்ற ஆரம்பித்தது.

அவர் பாதி முடித்திருந்தபோது கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. தலை முதல் கால் வரை நனைந்த தம்பி, முதுகில் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூட்டையோடு படியேறி வந்தான். பின்னால் தையல்கார அக்கா.

"ஏன்க்கா போனை எடுக்கல? உயிரே போச்சு எங்களுக்கு" என்று பாய்ந்தாள் சிஸ்டர்.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள பிள்ளைங்க சட்டை அத்தனையும் குடுக்கணும். தைச்சு முடிச்சாச்சு, பட்டன்தான் பாக்கி."

"புயலடிக்குது, பள்ளிக்கூடம் எங்க திறக்கப்போகுது?"

"புயல் போனப்புறம் திறக்கும்ல?"

"இந்த மூட்டையைத் தூக்குனாத்தான் வருவேன்னு சொல்லிட்டாங்க சிஸ்டர்" என்றான் தம்பி, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு. பிறகு மாஸ்டரின் கையைப் பார்த்தான், பிளாஸ்திரி மலையைப் பார்த்தான், கையைக் கழுவப் போனான். போகிற வழியில் அவன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அக்காவை மெஷினில் போட்டதும் மின்சாரம் நின்றது. மெஷின்கள் ஒரே சமயத்தில் வீல் என்று கத்தின. அடுத்த கணம் மேடை மேலிருந்து ஜெனரேட்டர் உறுமும் சத்தம் வந்தது. விளக்குகள் எரிந்தன. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

புயல் கடந்து போனது. அது போன பிறகுதான் தண்ணீர் வந்தது. மறுநாள் விடிந்ததும் சிஸ்டர் படியில் பாதி வரை இறங்கிப் பார்த்தாள். கீழே பழைய வார்டின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பழுப்புத் தண்ணீர் ஜன்னல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு அசைந்தது. அந்த ஜன்னலோரத்தில்தான் பேக்கரிக்காரரின் கட்டில் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு மேலே ஏறி வந்து, கண்ணில் பட்ட முதல் ஆளிடம், "தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?" என்று அதட்டினாள்.

அடுத்து வந்த நாட்களில் அதுதான் பெரிய போராட்டம். பார்க்கிற பக்கமெல்லாம் தண்ணீர், குடிக்கக் கிடைப்பதோ சின்ன டம்ளரில் அளந்து ஊற்றியது. நாக்கு வறண்டால் வாயில் அடக்கிக்கொள்ள ஒரு ஐஸ் துண்டு. "வெளிய இருக்கிற தண்ணியையாவது கண்ணால குடிச்சுக்கிறோம் சிஸ்டர்" என்று ஜன்னலருகே போய் நிற்பார்கள். எரிச்சல் வரும், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பிடுங்குவார்கள். வீட்டைப் பற்றிய கவலை வேறு.

அப்போது மூட்டையைப் பிரித்தாள் தையல்கார அக்கா. "சும்மா உக்காந்து தாகத்தையே நினைச்சா தாகம்தான் எடுக்கும். ஆளுக்கொரு ஊசி எடுங்க."

ஹால் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைச் சட்டைகள் விரிந்தன. லாரி ஓட்டியவர், பள்ளி வாத்தியார், டி.வி. தூக்கி வந்த மனுஷர் என்று எல்லாரும் நூல் கோக்கத் தெரியாமல் முழித்தார்கள். மாஸ்டர் வைத்த பட்டனெல்லாம் காஜாத் துளைக்கு நேராக இல்லாமல் ஒதுங்கியே நின்றது. "ரோட்டுல நேரா ஓட்டத் தெரிஞ்சவருக்குச் சட்டையில நேரா ஓட்டத் தெரியலயே" என்று அக்கா பிரித்துப் பிரித்து மறுபடி கொடுத்தாள். இளம் நர்ஸ் ஒருத்தி விட்டுவிட்டு வரும் போன் சிக்னலைப் பிடித்து, வீட்டுக்குப் போன நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பேர் வந்ததும் பட்டன் தைக்கிற கைகள் நின்றுவிடும். "எடுத்துட்டாங்க, நல்லா இருக்காங்களாம்" என்றதும் மறுபடி தைப்பார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரிந்ததும் படகு அனுப்பிக் கூட்டி வந்து மெஷினில் போட்டார்கள். யாரும் விட்டுப்போகவில்லை. கடைசி ஆள் போனை எடுத்தபோது அக்கா சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பழைய வார்டில் பேக்கரிக்காரருக்கு அடுத்த கட்டில் அவளுடையதுதான்.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய காலையில், டிராக்டரில் டீசல் வந்து சேர்ந்தது. வழக்கமான முறையில் டயாலிசிஸ் தொடங்கியது. முதல் ஆளாக மாஸ்டருக்குத் தம்பி போட்டு, நேரம் முடிந்து எடுத்தும் விட்டான். மாஸ்டர் எழுந்து நின்றதும், "அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள் சிஸ்டர். உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். தலையணையில் தலை பட்டது தெரியுமோ தெரியாதோ, தூங்கிப்போனாள்.

மாஸ்டர் போர்வையை இழுத்துவிட்டு, ஸ்டூலை அவள் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தார். மெஷின் அலாரங்களின் சத்தத்தைத் தம்பி குறைத்துவைத்தான். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் வேகமாக வந்தார்.

"சிஸ்டர் எங்க? தலைமை அலுவலகத்துலேருந்து வந்திருக்காங்க. வேற ஆஸ்பத்திரியிலயும் இதே மாதிரி பண்ணணுமாம், வார்டைப் பார்த்து, சிஸ்டர்கிட்ட விவரமா கேக்கணும்னு..."

மாஸ்டர் உதட்டில் விரல் வைத்தார். "மெதுவா டாக்டர். இப்பதான் கண்ணசந்தா."

டாக்டர் கட்டிலைப் பார்த்தார். சேறு அப்பிய ஷூவோடு, வாய் லேசாகத் திறந்தபடி, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் நுனிக்காலில் பின்னால் நகர்ந்து கதவைச் சாத்தினார். வெளியே, "கொஞ்சம் உக்காருங்க, வார்டுல முக்கியமான வேலை நடக்குது" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

மாஸ்டர் குனிந்து அவளுடைய ஷூ லேசைப் பிடித்தார். ஈரத்தில் ஊறிக் காய்ந்து முடிச்சு கல்லாகிவிட்டிருந்தது. இடது கையில் கட்டு, வளைக்கக் கூடாது. ஒற்றைக் கை விரல்களால் முடிச்சை நெருடி நெருடி இளக்கினார். பக்கத்துக் கட்டிலிலிருந்து தையல்கார அக்கா, "கத்திரிக்கோல் தரவா மாஸ்டர்?" என்று கிசுகிசுத்தாள்.

"வேணாம்க்கா" என்றார். "வந்துக்கிட்டே இருக்கு."